முதல் கியரில் ஒரு மாப்பிள்ளை

கூரை இல்லாத ஒரு சிவப்பு இங்கிலீஷ் ரேஸ் வண்டியை, மணிக்கு நூறு மைல் வேகத்தில், தாம்பரத்திலிருந்து கோவளம் வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போனவன் நான்.

பொய். நூறு மைலும் இல்லை, ஒரே மூச்சும் இல்லை. வண்டி நிஜம், சிவப்பு நிஜம். அதை நான் வருஷக்கணக்காக ஓட்டியதும் நிஜம். ஆனால் அத்தனை வருஷத்தில் என்னை முந்திப் போகாத ஆள் தாம்பரத்தில் குறைவு. சைக்கிள்காரர்கள் முந்தினார்கள், நடந்து போனவர்கள் முந்தினார்கள். ஒரு தடவை சானடோரியம் பக்கத்தில், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு குச்சி ஊன்றி வந்த ஒருத்தர் என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி, "இன்னா தம்பி, பெட்ரோல் இல்லியா" என்று அக்கறையாக விசாரித்தார்.

பெட்ரோல் இருந்தது. முன்னால் பேண்டு செட்டும் இருந்தது. அதுதான் விஷயம். அது மாப்பிள்ளை அழைப்பு வண்டி.

என் முதலாளி மேற்குத் தாம்பரத்தில் வாடகை சாமான் கடை வைத்திருந்தார். பந்தல், சேர், அண்டா, சீரியல் லைட் எல்லாம் கல்யாணத்துக்கு அனுப்புவோம். அவருடைய அப்பா காலத்தில் முடிச்சூர்ப் பக்கம் நெல் விளைந்த நிலம். இவர் காலத்தில் அது பிளாட் ஆனது. பரங்கிமலையில் ஒரு பழைய பங்களாவில் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடைக்கு நாற்காலி வாங்கப் போனார். போனவர் நாற்காலி இல்லாமல் திரும்பி வந்தார். பின்னாலேயே டெம்போவில் கயிறு கட்டி இந்த வண்டி வந்தது.

"பாத்தியாடா, மேல கூரயே இல்ல. மாப்ளய உள்ள வெச்சா தெருவுல கீறவனுக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். "மொதலாளி, இதுல ரெண்டு பேர்தான் குந்த முடியும்."

"மாப்ள ஒருத்தன், நீ ஒருத்தன். சரியா கீதா இல்லியா?"

"மாப்ளத் தோழன்?"

அவர் பக்கத்து சீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"பொண்ணு வூட்டுப் பசங்க? அதுங்க ஏறாம வுடுமா?"

மோவாயைச் சொறிந்தார். "அதுக்குத்தான்டா கூர இல்லாம வாங்கினேன். மேல ஏத்திக்கலாம்."

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்பு வாத்தியார் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாமல் இருப்பது அவருடைய நல்ல நேரம். ஆனால் அந்த வண்டியைப் பார்த்த அன்றைக்கு, இதை ஓட்டுவதற்காகத்தான் நாம் படிக்காமல் இருந்திருக்கிறோம் என்று தோன்றியது. படித்திருந்தால் எங்கேயாவது ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்திருப்பார்கள்.

அப்போதெல்லாம் நம் ரோட்டில் ஓடிய கார்கள் ரெண்டு மூணு ரகம்தான். எல்லாம் நெல் மூட்டையைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. பாதி வண்டி மூக்கு. அந்த மூக்கின் மேலே, பேண்ட் நழுவாமல் இருக்க நாம் கட்டுகிற மாதிரி, ஒரு தோல் பெல்ட். சக்கரத்தில் சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிகள். மர ஸ்டீயரிங், கை பட்டுப் பட்டு வழுவழு என்று ஆனது. உள்ளே உட்கார்ந்தால் தரை அவ்வளவு பக்கம். கையை வெளியே தொங்கப் போட்டு ரோட்டில் கிடக்கிற பீடித் துண்டைப் பொறுக்கலாம். முன்னால் வட்ட வட்டமாக முள் வைத்த கடிகாரங்கள். அதில் எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ் என்பதால் எல்லாமே சரியாக வேலை செய்கிறது என்று நான் நம்பினேன்.

சாவியைப் போட்டு சோக்கை இழுத்தால் முதலில் ஒரு இருமல். அப்புறம் தொண்டையைச் செருமுகிற சத்தம். கச்சேரிக்கு வந்து மேடையில் உட்கார்ந்துவிட்ட பாகவதர் மாதிரி. பாவம், நாங்கள்தான் அதைக் கடைசிவரைக்கும் பாட விடவில்லை.

கல்யாணம் இல்லாத நாட்களில் வண்டி கடைக்குப் பின்னால் பந்தல் துணிக்கு அடியில் நிற்கும். மத்தியானம் முதலாளி சாப்பிடப் போனதும் நான் துணிக்குள் புகுந்து சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பி, வாயாலேயே கியர் போடுவேன். மீசை வைத்த ஆள் செய்கிற காரியமா இது. கடையில் பந்தல் கட்டுகிறவன் என் சிநேகிதன். ஆறடி உயரம், ஏணி இல்லாமலே பாதிப் பந்தல் போட்டுவிடுவான். ஒரு நாள் துணியைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், கோவளம் வந்துச்சுனா சொல்லு, எறங்கிக்கிறேன்" என்றான்.

கல்யாண நாளில் கதை வேறு. கடையிலேயே வண்டிக்குப் பூ ஜோடித்துவிடுவார்கள். எங்கள் பூக்காரருக்கு வண்டியின் முகம்தான் முக்கியம். ரேடியேட்டர் கம்பி ஒன்றுகூடத் தெரியாத மாதிரி சாமந்திச் சரத்தை நெருக்கி நெருக்கிக் கட்டி, நடுவில் ஒரு பெரிய வெற்றிலை மாலையும் வைப்பார். அப்புறம் முதலாளி என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டு, "மெதுவாடா, பூ பறந்துரும்" என்பார். மண்டபம் வரைக்கும் அதே பாட்டு. அங்கே போனால் அவர் இறங்குவார், மாப்பிள்ளை ஏறுவார். சீட்டுக்குப் பின்னால் மழைக்காக மடித்து வைத்த கான்வாஸ் ஹூட் மேலே ஒரு மெத்தையைப் போட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்து, அவர் காலைப் பக்கத்து சீட்டில் வைக்கச் சொல்வோம். மிச்ச இடமெல்லாம் குழந்தைகள். டிக்கியில் நாலு, பானட்டில் ரெண்டு, ஹாரன் பக்கத்தில் ஒன்று.

முன்னால் பேண்டு செட். ரெண்டு பக்கமும் டியூப் லைட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள். பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டரிலிருந்து லைட்டுக்கு ஒயர். நான் கொஞ்சம் வேகமாகப் போனாலும் ஒயர் அறுந்து தெரு முழுக்க இருட்டு. நூறு மைல் போகப் பிறந்த வண்டியை முன்னால் டிரம்மும் பின்னால் ஒயரும் வைத்துக் கட்டிப் போட்டிருந்தோம். ஒவ்வொரு தெரு முனையிலும் பேண்டு நிற்கும், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆடுவார்கள், நான் கிளட்ச்சை மிதித்தபடி வேடிக்கை பார்ப்பேன். இடது கால் எனக்கு வலது காலைவிடக் கொஞ்சம் பெரிது. சந்தேகம் இருந்தால் அளந்து பார்க்கலாம்.

மூச்சு விட வழியில்லாமல் மூக்கை அடைத்து, நடக்க விடாமல் நிற்க வைத்தால் யாருக்குத்தான் சூடு ஏறாது. ரெண்டாவது தெருவில் சூடு காட்டுகிற முள் ஏறும், மூன்றாவது தெருவில் ரேடியேட்டர் கொதிக்கும். அதற்காகவே ஒரு குடம் தண்ணீர் வைத்திருப்பேன். ஒரு தடவை செலையூரில், பெண் வீட்டு வாசலிலேயே, சாமந்திக்குள்ளிருந்து குபுகுபு என்று ஆவி கிளம்பியது. நான் பயந்துபோய்க் குடத்தைத் தேடினால், ஃபோட்டோகிராஃபர் ஓடி வந்து, "அண்ணா, அண்ணா, அப்டியே வுடுங்க, மாப்ள மேகத்துல வர்ற மாதிரி கீது" என்றார். அதற்கப்புறம் ரெண்டு கல்யாணக்காரர்கள் கடைக்கு வந்து, "அந்தப் பொக வர்ற வண்டிதான் வேணும்" என்று கேட்டார்கள்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் மனசில் ஒரு குறை. அதை வாயால் ஓட்டிச் சரி செய்துகொண்டேன்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. குழந்தைகளின் பூட்ஸ் கால் பட்டு சீட் தோல் கிழிந்துபோக, பல்லாவரத்தில் ஒரு தோல் பட்டறைக்குத் தைக்கக் கொண்டு போனேன். அங்கே தையல் மிஷினில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னா வண்டி சீட்டு?"

"ரேஸ் வண்டி. நான்தான் ஓட்றேன்."

"எவ்ளோ வேகம் போவும்?"

"நூறு மைலு. டீய ஆத்தச் சொல்லிட்டு கோவளம் போய்ட்டு வந்து குடிப்பேன்."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள். "டீக்கடைக்காரரு சும்மா கீறாரா, ஆத்திகினே?"

என்னை இப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை. அடுத்த வாரம் இன்னொரு சீட்டைக் கொண்டு போனேன். அதற்கடுத்து கதவில் இருக்கிற தோல் பட்டை. அப்புறம் பானட் பெல்ட். வண்டியில் தோல் என்று எதெல்லாம் இருந்ததோ அதெல்லாம் பல்லாவரம் போய் வந்தது. தோல் தீர்ந்ததும் முதலாளியைக் கூப்பிட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனேன்.

பஜ்ஜி வந்தது, காபி வந்தது. பொண்ணுக்கு எதுனா கேக்கணும்னா கேக்கட்டும் என்று முதலாளி பெருந்தன்மையாகச் சொன்னார். சும்மா சொன்னார். அவள் நிஜமாகவே கேட்டாள்.

"கல்யாணம் ஆன மறுநா, அந்த வண்டில என்னைக் கோவளம் இட்டுகினு போவணும். நூறு மைல்ல. அவரே சொல்லிகீறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஓட்டலன்னா?" என்று மகளைக் கேட்டார்.

"ஓட்டலன்னா டபாய்க்கிறவன்னு அர்த்தம். டபாய்க்கிறவன் வூட்டுக்கு நான் இன்னாத்துக்குப் போவணும்? இங்கியே இருந்துகினு மிஷின் மிதிக்கிறேன்."

"நியாயமாத்தான் கீது" என்றார் அவர். கட்டின பெண்டாட்டி என் வீட்டுப் படி ஏற வேண்டுமென்றால், நான் என் வாழ்க்கையில் போட்டிராத நாலாவது கியரைப் போட்டாக வேண்டும்.

முதலாளி தங்கமானவர். "அழைப்புக்கும் எடுத்துக்கோ, கல்யாணத்துக்கு மறுநா காலைலயும் எடுத்துக்கோ. ஆனா சாயங்காலம் குரோம்பேட்டைல ஒரு மாப்ள காத்துகினு இருப்பான். அதுக்குள்ள வண்டி இங்க நிக்கணும்" என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இன்னொரு சிக்கல் முளைத்தது. என் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியை யார் ஓட்டுவது? முதலாளிக்கு டிராக்டர்தான் தெரியும். கடை வேன் டிரைவரை உட்கார வைத்துப் பார்த்தோம். அவர் தொப்பை ஸ்டீயரிங்கைத் திருப்பவிடாமல் பிடித்துக்கொண்டது. பந்தல் சிநேகிதனுக்குச் சைக்கிளே சரியாக வராது. கடைசியில் மாப்பிள்ளையே ஓட்டுவது என்று முடிவானது.

கோட்டு சூட்டு, தலைப்பாகை, கழுத்தில் மாலை. முதல் திருப்பத்திலேயே மாலை ஸ்டீயரிங்கில் சிக்கிக்கொண்டது. மேலே மெத்தை காலியாக இருக்கிறதே, பார்க்க நன்றாக இல்லையே என்று சிநேகிதனைத் தோழனாக அங்கே ஏற்றியிருந்தோம். மாலையைக் கழற்றி, "சித்த நேரம் வெச்சிக்கோ" என்று அவன் கழுத்தில் போட்டேன். தலைப்பாகை கண்ணை மறைத்தது. அதையும் அவனிடம் கொடுத்தேன்.

பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஆலாத்தித் தட்டோடு அவளுடைய அத்தை வந்தார். வெளியூர்க்காரர், என்னை முன்னேபின்னே பார்த்ததில்லை. மேலே பார்த்தார்: மாலை, தலைப்பாகை, மீசை, ஆறடி. "மாப்ள நல்லா ஒசரமாத்தான் கீறாரு" என்று சொல்லி, தட்டை மூணு சுற்றுச் சுற்றி, எம்பி அவன் நெற்றியில் பொட்டு வைத்தார்.

"மச்சான், இன்னா பண்றது?" என்று மேலேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அசையாத. வாங்கிக்கோ."

அத்தை என் பக்கம் திரும்பினார். "டிரைவர் தம்பி, வண்டிய கொஞ்சம் முன்னாடி எடு. ஆலாத்தித் தண்ணி ஊத்தணும்."

எடுத்தேன். வேறென்ன செய்வது? பழக்க தோஷம். மாடி ஜன்னலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல். "அத்த, கீழ கிளட்ச்ச மிதிச்சிகினு கீது பாரு, அதான் மாப்ள."

அத்தை தட்டில் மிச்சமிருந்த தண்ணீரை எனக்கும் சுற்றினார். பொட்டு தீர்ந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து மறுநாள் காலை. பல்லாவரத்தில் அவள் வீட்டு வாசலிலேயே வண்டியின் முகத்திலிருந்த பூவையெல்லாம் நான் பிய்த்து எடுத்தேன். ரேடியேட்டரை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். அவளுடைய அப்பா சாய்வு நாற்காலியை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். காலடியில் குடத்தை வைத்தேன்.

"இது இன்னாத்துக்கு?"

"வண்டிக்குச் சீக்கு. கொதிக்கும்."

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினேன். கால் தானாகவே பழைய இடத்துக்குப் போய்விட்டது. குரோம்பேட்டை வந்தது, இன்னும் முதல் கியர்தான். ஒரு மீன்கார அம்மா கூடையோடு எங்களைத் தாண்டிப் போனார். அவள் அந்த அம்மாவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"இன்னா, பேண்டு செட்டு வர்ணுமா?"

ரெண்டாவது போட்டேன். தாம்பரத்தில் கடை வாசலைத் தாண்டும்போது முதலாளி எழுந்து நின்று "மெதுவாடா" என்று கையை ஆட்டினார். மூன்றாவது போட்டேன். வண்டலூரில் இடது பக்கம் திரும்பினால் கேளம்பாக்கம் ரோடு. அன்றைக்கு அந்த ரோட்டில் இப்போது இருப்பது எதுவும் இல்லை. ரெண்டு பக்கமும் புளிய மரம், ஏரித் தண்ணீர், ஆடு. நேராகக் கிடந்தது. நாலாவது கியர் எங்கே இருக்கிறது என்று கியர்க் குமிழில் எழுதியிருந்தது எப்போதோ அழிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, இல்லை, அவள் பக்கத்தில் இருந்ததால் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, பின்னால் இழுத்தேன்.

விழுந்தது.

அதற்கப்புறம் நடந்ததை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் செருமிக்கொண்டிருந்த பாகவதர் பாட ஆரம்பித்தார். மூக்கு ரோட்டை முகர்ந்துகொண்டு ஓடியது. காற்று கண்ணாடியைத் தாண்டி வந்து முடியைப் பிடித்து இழுத்தது. புளிய மரத்து நிழல் ஒவ்வொன்றும் சில்லென்று தலையைத் தொட்டுத் தொட்டுப் போனது. சூட்டு முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதுவரைக்கும் அந்த வண்டிக்குச் சீக்கு என்று நினைத்திருந்தேன். அதற்கு ஒன்றுமே இல்லை. சீக்கு நாங்கள்தான்.

முன்னால் கோவளம் பஸ் போய்க்கொண்டிருந்தது. பின் சீட்டு ஆட்கள் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

"அத்தத் தாண்டு" என்றாள்.

"கவர்மெண்டு பஸ்மா அது."

"தாண்டுன்றேன்ல."

தாண்டினேன். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "இன்னாபா, கூரய எங்க வுட்டுட்டு வந்தீங்க" என்று கத்தினார். "வூட்டாண்ட கீது" என்று அவள் திருப்பிக் கத்தினாள். என் வாழ்க்கையில் அந்த வண்டியில் உட்கார்ந்து நான் முந்திய முதல் ஆள் அந்த பஸ்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் குனிந்து கடிகாரங்களைப் பார்த்தாள். "எவ்ளோ காட்டுது?"

பார்த்தேன். வேகம் காட்டுகிற முள் சைபரில் படுத்திருந்தது. எப்போதும் அங்கேதான் படுத்திருக்கும். வேலை இல்லாததால் தூங்குகிறது என்று நினைத்திருந்தேன். பஸ்ஸையே தாண்டியும் எழுந்திருக்கவில்லை. செத்துப் பல வருஷம் ஆகியிருக்கும்.

"ஒன்னும் காட்டல" என்றேன். பொண்டாட்டி பல்லாவரத்திலேயே மிஷின் மிதிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நூறுன்னு வெச்சிக்கலாம்."

கேளம்பாக்கம் வளைவில் வேகத்தைக் குறைக்கும்போது தானாகவே சொன்னாள். "எங்க தெருவுல எத்தினி மாப்ளய இட்டாந்திருப்ப. மொத கியரத் தாண்டி நான் பாத்ததே இல்ல. நூறு மைலுன்னு நீ சொன்னப்பவே தெரியும்."

"அப்பறம் இன்னாத்துக்கு அத்தினி பேரு எதுர்ல கேட்ட?"

"சும்மா கேட்டா உங்க மொதலாளி வண்டி குடுப்பாரா? எனக்குப் போவணும்னு ஆச. உனக்கும் ஆசன்னு தெரிஞ்சிது. கேட்டு வெச்சேன்."

கோவளத்தில் படகுகள் கரையேறி மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. வண்டியைக் கடலைப் பார்த்த மாதிரி நிறுத்தினேன். ஏலத்தை விட்டுவிட்டு எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தர் சக்கரக் கம்பியைச் சுண்டிப் பார்த்தார். மீன் விற்கிற அக்கா ஒருத்தர், "கல்யாண ஜோடியா, வஞ்சிரம் எட்த்துகினு போ" என்று பெரிய மீன் ஒன்றை, இடம் இல்லாததால், பின்னால் ஹூட் மடிப்பில் படுக்கப் போட்டார். அந்த ஹூட்டில்தான் அன்று சாயங்காலம் குரோம்பேட்டை மாப்பிள்ளை உட்கார வேண்டும்.

சரி, அதைக் கழுவிக்கொள்ளலாம் என்று சாவியைத் திருகினேன். இருமல் இல்லை. செருமல் இல்லை. பொழுது வேறு உச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அவள் இறங்கினாள், தான் தைத்துக் கொடுத்த பானட் பெல்ட்டைத் தானே கழற்றினாள், படகு இழுக்கிறவர்களைக் கை தட்டிக் கூப்பிட்டாள். அப்புறம் அந்த பெல்ட்டை எடுத்து...

"யோவ், இன்னா பண்ற உள்ள? தண்ணி லாரி வந்துருச்சு." வாசலிலிருந்து அவள்தான், இப்போது.

"வரேன்மா. கோவளத்துல நிக்கிறேன். வண்டி ஸ்டார்ட் ஆவல, அந்த எடம்."

"அத அப்பால நானே சொல்லிக்கிறேன். நீ சொன்னா கடலையே தாண்டினேம்ப. குடத்த எட்த்துகினு வா. அந்த நூறு மைல் வேகத்துல வா பாப்போம்."

குடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். போகிறேன்.